இன்ச்சுக்கு ஒரு மில்லிமீட்டர்: டிராக்ஸ்டர் மாடலைக் கையால் கட்டுவது எப்படி

1/25 அளவில் ஒரு இன்ச் என்பது 1.016 மில்லிமீட்டர். டிராக் ரேஸ் கார், அதாவது நேரான குறுகிய ஓடுதளத்தில் பாயும் பந்தயக் கார், அதன் மாடல் கட்ட வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். இவை அமெரிக்கப் பட்டறைகளில் பிறந்த கார்கள். குழாயின் விட்டம், பெல்ட்டின் அகலம், டயரின் உயரம் எல்லாமே இன்ச்சில்தான் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்றரை இன்ச் குழாயா? ஒன்றரை மில்லிமீட்டர் கம்பியை எடுங்கள். மூன்று இன்ச் சீட் பெல்ட்டா? மூன்று மில்லிமீட்டர் பட்டை வெட்டுங்கள். கணக்கு மனதிலேயே முடிந்துவிடும்.

ஆனால் இந்தக் குறுக்குவழி சின்னப் பாகங்களுக்கு மட்டும்தான். 200 இன்ச் வீல்பேஸ் (முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரையான நீளம்) 203.2 மி.மீ. வர வேண்டும். 200 என்றே வைத்துவிட்டால் மூன்று மி.மீ. காணாமல் போகும், பிறகு இன்ஜினைப் பொருத்தும்போது எங்கோ இடிக்கும். நீளமான அளவுகளை மட்டும் 1.016 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கிட் பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டுவதற்குப் பதிலாக, தகடும் கம்பியும் வாங்கி நாமே பாகங்களை உருவாக்குவதற்கு ஸ்க்ராட்ச் பில்டிங் என்று பெயர். முதல் காரிலேயே எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியதில்லை. டயர், சக்கரம், இன்ஜின் பிளாக் மூன்றையும் ஏதாவது ஒரு 1/25 கிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎம்டி, எம்பிசி, ரெவெல் என்று பல நிறுவனங்கள் இந்த அளவில் கிட்டுகள் வெளியிட்டிருக்கின்றன. சேசிஸ் (காரைத் தாங்கும் குழாய்ச் சட்டகம்), உடல் தகடுகள், குழாய்கள், வயர்கள் இவை நம் வேலை. பார்ப்பவர் கண் நிற்பதும் அங்கேதான்.

எந்தக் காரை எடுப்பது

முதல் காருக்கு ஸ்லிங்ஷாட் டிராக்ஸ்டரைத்தான் நான் பரிந்துரைப்பேன். டிராக்ஸ்டர் என்பது டிராக் ரேஸுக்கென்றே கட்டிய நீண்ட, மெலிந்த கார்; ஸ்லிங்ஷாட் அதில் இன்ஜின் முன்னால் இருக்கும் பழைய வகை. ஓட்டுநர் பின் ஆக்சிலுக்கும் பின்னால், உண்டிவில்லில் கல் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பெயர் அதற்கு அவ்வளவு பொருத்தம்.

ஏன் இது? ஃபன்னி கார் (சாதாரண கார் போன்ற உடல் மாட்டிய டிராக் ரேஸ் கார்) கட்ட வேண்டுமென்றால் வளைவு நெளிவான முழு உடலைச் செய்ய வேண்டும். அது தனிக் கலை. இன்றைய முன்னணி டிராக்ஸ்டர் வகையான டாப் ஃபியூவல் காரின் வீல்பேஸ் 300 இன்ச். 1/25 இல் கிட்டத்தட்ட 305 மி.மீ. அதன் கூண்டுக்குள் அடுக்கடுக்காகக் குழாய்களும் கருவிகளும் இருக்கும். ஸ்லிங்ஷாட்டில் நான்கு நீளக் குழாய்கள், ஒரு இன்ஜின், ஒரு இருக்கை, கொஞ்சம் தகடு. பின் ஆக்சில் நேராக சேசிஸோடு பிணைக்கப்பட்டிருக்கும், சஸ்பென்ஷனே கிடையாது. பலவற்றில் ரேடியேட்டரும் இருக்காது. ஓட்டமே சில விநாடிகள்தானே. மறைக்க எதுவும் இல்லாத கார். அதனால் செய்யும் ஒவ்வொரு சின்ன வேலையும் வெளியே தெரியும்.

1960-களின் தொடக்கத்துக் கார்கள் குட்டையானவை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வீல்பேஸ் 200 இன்ச்சைத் தாண்டி நீண்டுவிட்டது. முதல் முயற்சிக்குக் குட்டையான காரே நல்லது. நீளம் கூடக் கூட சேசிஸை நேராக வைத்திருப்பது கஷ்டம்.

காலத்தைக் கலக்காமல் இருப்பதும் முக்கியம். 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் ஓடுதளத்தில் பிரபல டிராக் ரேஸ் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் ஸ்வாம்ப் ராட் 13 காரில் டிரான்ஸ்மிஷன் வெடித்தது. கார் இரண்டாகப் பிளந்தது; அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. ஓட்டுநரின் கால்களுக்கு நடுவே, மடிக்கு முன்னால் இயந்திரம் முழுவதும் சுழலும் அமைப்பின் ஆபத்து அது. அடுத்த ஆண்டே இன்ஜினைப் பின்னால் வைத்த காரோடு வந்து அவர் வெற்றி பெற்றார். சில ஆண்டுகளில் ஸ்லிங்ஷாட் வகை முன்னணிப் போட்டிகளிலிருந்து மறைந்துபோனது. ஆகவே ஸ்லிங்ஷாட் கட்டுபவர் 1970-களின் பிற்பகுதிப் பாகங்களை அதில் மாட்டினால், விஷயம் தெரிந்தவர் கண்ணில் உடனே படும்.

ஒரு குறிப்பிட்ட காரை, முடிந்தால் ஒரு குறிப்பிட்ட பந்தய நாளின் நிலையில், தேர்ந்தெடுங்கள். இந்தக் கார்களில் எக்ஸாஸ்ட், பெயிண்ட், ஸ்பான்சர் எழுத்து எல்லாம் ஒரே சீசனுக்குள் பலமுறை மாறும். ஃபுளோரிடாவின் ஒக்காலாவில் கார்லிட்ஸின் டிராக் ரேசிங் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கு போய் வந்தவர்கள் எடுத்த படங்கள் பெரிய உதவி. ஆனால் புதுப்பித்த காருக்கும் அன்று ஓடிய காருக்கும் வித்தியாசம் இருக்கலாம் என்பதால் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படத்திலிருந்து அளவு எடுப்பது

நேர் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி நின்று எடுத்த ஒரு படத்தைத் தேடுங்கள். மிக அருகிலிருந்து எடுத்த படத்தில் நடுப்பகுதி பெரிதாகவும் முனைகள் சிறிதாகவும் தெரியும். அதை நம்பி அளக்கக் கூடாது. காரின் வீல்பேஸ் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் கிடைத்துவிடும். உதாரணமாக, வீல்பேஸ் 150 இன்ச், அச்செடுத்த படத்தில் அது 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் படத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் உண்மையில் 1.25 இன்ச். ரோல் பாரின் (ஓட்டுநரின் தலையைக் காக்கும் வளைகுழாய்) உயரம் படத்தில் 32 மி.மீ. இருந்தால் நிஜத்தில் 40 இன்ச்.

இந்த அளவுகளை வைத்துப் பக்கவாட்டு வரைபடம் ஒன்று, மேலிருந்து பார்க்கும் வரைபடம் ஒன்று, இரண்டையும் மாடலின் அளவிலேயே வரையுங்கள். ஒவ்வொரு குழாயைப் போடும்போதும் அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது இன்ஜினைத் தாங்குகிறது, இது ஓட்டுநரின் தலைக்கு முட்டுக் கொடுக்கிறது, இதில் ஸ்டியரிங் பெட்டி உட்காருகிறது என்று பதில் வந்துவிட்டால், படத்தில் சரியாகத் தெரியாத இடத்தில்கூட அந்தக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது புரியும். பதில் வராத குழாயை நான் மாடலில் சேர்ப்பதில்லை.

கருவிகள்

நிறைய வேண்டாம். கூர் கத்தி, மெல்லிய ரம்பம், ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், வெர்னியர் காலிபர், ஊசி அரங்கள், கூர்முனை இடுக்கி, கையால் சுழற்றும் சின்ன டிரில், அதற்கு 0.3 முதல் 1.5 மி.மீ. வரை பிட்டுகள், 400 முதல் 2000 வரை உப்புத்தாள். பொருளில், 0.25, 0.5, 1 மி.மீ. ஸ்டைரின் (மாடல் பிளாஸ்டிக்) தகடுகளும் 0.5 முதல் 1.6 மி.மீ. வரை ஸ்டைரின் கம்பிகளும். காசு செலவழிப்பதென்றால் காலிபருக்குச் செலவழியுங்கள். கண்ணளவு இந்த வேலையில் ஏமாற்றிவிடும்.

சேசிஸ்

இங்கே அவசரப்படாதீர்கள். மாடலின் மொத்த அழகும் இந்த நான்கு குழாய்களில்தான் இருக்கிறது.

ஒரு தட்டையான பலகையில் பக்கவாட்டு வரைபடத்தை ஒட்டி, அதன் மேல் ஒளி ஊடுருவும் டேப்பைப் பரப்புங்கள். இல்லையென்றால் கம்பியோடு காகிதமும் ஒட்டிக்கொண்டு வரும். கீழ்க் குழாய், மேல் குழாய் இரண்டையும் கோட்டின் மேல் வைத்து, இருபுறமும் குண்டூசி குத்தி நிறுத்துங்கள். கம்பியைத் துளைத்துக் குத்தக் கூடாது. அணைத்தாற்போல் குத்த வேண்டும்.

அடுத்து செங்குத்துக் குழாய்கள். ஒரு குழாய் இன்னொன்றின் மேல் போய் முட்டும் இடத்தில் அதன் முனையை மீன் வாய் போல அரை வட்டமாகக் குடைய வேண்டும். நிஜ வெல்டர்களும் அப்படித்தான் செய்வார்கள். முட்டப்போகும் குழாயின் விட்டத்துக்குச் சமமான உருண்டை அரத்தால் நான்கைந்து இழுப்பு போதும். குடையாமல் நேராக வெட்டி ஒட்டினால் மூட்டில் இடைவெளி விழும், பட்டி பூசி மறைக்க வேண்டி வரும், பட்டி பூசிய மூட்டு குண்டாகத் தெரியும். ஒவ்வொரு மூட்டுக்கும் அரை நிமிடம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

ஸ்டைரினுக்கு நீர்த்த கரைப்பான் பசையே சரி. மூட்டைச் சேர்த்துப் பிடித்து, பிரஷ் நுனியால் ஒரு சொட்டு தொட்டால் இடுக்குக்குள் தானே ஓடிவிடும். பிளாஸ்டிக் லேசாக உருகி மூட்டைச் சுற்றி ஒரு சின்ன மேடு எழும்பும். அதைத் துடைக்காதீர்கள், காய்ந்த பிறகு அசல் வெல்டிங் தடம் மாதிரியே இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

முதல் பக்கம் நன்றாகக் காய்ந்ததும் அதே வரைபடத்தின் மேல் இரண்டாவது பக்கத்தையும் கட்டுங்கள். கண்ணாடி பிம்பம் என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். கம்பிகள் உருண்டை என்பதால் திருப்பிப் போட்டால் சரியாக இருக்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எங்கேயாவது விலகினால் அந்த மூட்டை வெட்டித் திரும்ப ஒட்டுவதற்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

அப்புறம் இரு பக்கங்களையும் மேலிருந்து பார்க்கும் வரைபடத்தின் மீது நிறுத்தி, குறுக்குக் குழாய்களைப் போட வேண்டும். ஒரே நீளத்தில் பல துண்டுகள் தேவை என்பதால் ஸ்கேலில் ஒரு கட்டையை நிறுத்தி, கம்பியை அதில் முட்டவிட்டு வெட்டுங்கள். எல்லாம் ஒரே அளவில் வரும். முதலில் பின் ஆக்சில் இருக்கும் இடம், பிறகு முன் முனை, கடைசியில் நடுப்பகுதி. ஒவ்வொன்றுக்கும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். என் முதல் சேசிஸில் நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போனேன். முடித்து மேசையில் வைத்தபோது ஒரு முன் சக்கரம் தரையைத் தொடவே இல்லை. மூன்று வார வேலை. அதைப் பிரித்து இரண்டாம் முறை கட்டியதில்தான் இந்த வரிசையைக் கற்றுக்கொண்டேன்.

ரோல் பாரை வளைப்பதற்கு, கம்பியைச் சுடுதண்ணீரில் சிறிது நேரம் போட்டு, வேண்டிய வளைவை விடக் கொஞ்சம் சிறிய உருளையில் சுற்றிப் பிடியுங்கள். விட்டதும் சற்றே விரியும், அந்த விரிவைச் சேர்த்துத்தான் உருளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீல்பேஸ் 150 மி.மீ.க்கு மேல் போனால் ஸ்டைரின் காலப்போக்கில் தொய்யும். அப்போது பித்தளைக் கம்பிக்கு மாறுங்கள். பித்தளைக்கு சூப்பர் குளூ நம்பகமில்லை, ஈயப் பற்றவைப்புதான் நிற்கும். மூட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, சூட்டை முதலில் பித்தளைக்குக் கொடுங்கள். ஈயம் தானாக உருகி ஓட வேண்டும். பக்கத்து மூட்டு கழன்றுவிடாமல் இருக்க அதன் மேல் ஈரமான காகிதத் துண்டைச் சுற்றி வையுங்கள்.

இன்ஜின்

கிட்டிலிருந்து எடுத்த பிளாக்கை அப்படியே விட்டுவிடாதீர்கள். இந்தக் கார்களில் இன்ஜின் ஓட்டுநரின் முகத்துக்கு நேராக, எந்த மூடியும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். மாடலின் இதயமே அதுதான்.

அந்தக் காலத்து டிராக்ஸ்டர்களில் மிகப் பிரபலமானது கிரைஸ்லர் நிறுவனத்தின் ஹெமி என்ற எட்டு சிலிண்டர் இன்ஜின். பழைய 392 கன இன்ச் ஹெமியில் மேக்னட்டோ (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் கருவி) இன்ஜினின் பின்பக்கம், ஓட்டுநரை ஒட்டி இருக்கும். 1964 இல் வந்த 426 ஹெமியில் அது முன்பக்கம். மாடல்களில் அடிக்கடி தவறாகிப் போகிற இடம் இது. எந்த இன்ஜின் என்று உறுதி செய்துகொண்டு மேக்னட்டோவை வையுங்கள்.

மேலே உட்காரும் சூப்பர்சார்ஜரை 6-71 என்பார்கள். ஜிஎம்சி டீசல் இன்ஜினுக்காகச் செய்யப்பட்ட காற்றூதி அது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன இன்ச் என்பதால் அந்த எண். ஸ்டைரின் தகட்டில் ஒரு பெட்டி செய்து, பக்கங்களில் அரை வட்டப் பட்டைகளைச் சம இடைவெளியில் ஒட்டினால் அதன் விலா எலும்புகள் வந்துவிடும். முன்னால் இரண்டு புல்லி, அவற்றை இணைக்கும் பல் வைத்த பெல்ட். 0.25 மி.மீ. தகட்டில் பட்டை வெட்டி, கத்தி முதுகால் குறுக்கே நெருக்கமாகக் கீறினால் பற்கள் தெரியும். பளபளப்பில்லாத கறுப்பு அடியுங்கள்.

இப்போது வயர். நிஜ ஸ்பார்க் பிளக் வயர் 7 அல்லது 8 மி.மீ. தடிமன், 1/25 இல் அது 0.3 மி.மீ. சுற்று. கடைகளில் இதைவிடத் தடித்த வயர்தான் எளிதில் கிடைக்கும், ஆசைப்பட்டு அதைப் போட்டால் இன்ஜின் மேல் கயிறு கட்டியது போலிருக்கும். மேக்னட்டோ மூடியில் 0.35 பிட்டால் எட்டு துளைகள் போடுங்கள். ஹெமியில் பிளக்குகள் வால்வ் கவரின் நடுவே வரிசையாக இறங்கும், அங்கே நான்கு நான்கு துளைகள்.

சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் உட்கார்ந்து பார்க்கும்போது இடப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. எனவே மூடியைச் சுற்றி வயர்கள் இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது, வலது என்று பிரியும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றலாம். ஆனால் இந்த வரிசையில் மாட்டும்போது வயர்கள் ஒன்றையொன்று தாண்டும் விதமே மாறிவிடும், நிஜ இன்ஜினின் அந்த இயல்பான பின்னல் தானாக வந்துவிடும்.

எரிபொருள் குழாய்களுக்கும் இதே விதிதான். எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும். டாங்கிலிருந்து இன்ஜின் முன்புறம் கேம்ஷாஃப்டால் சுழலும் பம்புக்கு, அங்கிருந்து இன்ஜெக்டரின் (எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பு) அடியிலுள்ள வால்வுக்கு, அங்கிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும். மிஞ்சிய எரிபொருள் இன்னொரு குழாய் வழியாக டாங்குக்கே திரும்பும். இந்தத் திரும்பும் குழாயைப் பெரும்பாலான மாடல்களில் காணவே முடியாது. தயவுசெய்து அதைப் போடுங்கள்.

எக்ஸாஸ்டுக்கு, 2 மி.மீ. தடிமனுள்ள மென்மையான ஈயக் கம்பி கையாலேயே வளையும். எட்டையும் ஒரே அச்சில் வளைத்து, முனைகளை டிரில்லால் குடைந்துவிட்டால் குழாய் மாதிரியே ஆகிவிடும். 1960-களின் பிற்பாதிக் கார் என்றால் மேல்நோக்கி, பின்புறமாகச் சாய்த்து வையுங்கள். வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள், ஈயம் உடம்புக்குள் போகக் கூடாது.

சக்கரமும் டயரும்

பின் டயரின் தரை தொடும் பகுதியை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் பிளாஸ்டிக் மினுமினுப்பு போய் ரப்பர் போலாகும். கிட்டுகளில் வரும் வினைல் டயர்கள் வருடக் கணக்கில் தொட்டுக்கொண்டே இருந்தால் ஸ்டைரின் சக்கரத்தை உருக்கிவிடும். இடையில் மெல்லிய அலுமினியத் தாளை ஒரு சுற்று வையுங்கள். முன் சக்கரங்கள் சைக்கிள் சக்கரம் போல மெலிந்த கம்பிச் சக்கரங்கள். முன்னால் பிரேக் கிடையாது, அதனால் அங்கே எந்தப் பாகமும் சேர்க்க வேண்டாம்.

உடல், பெயிண்ட்

ஓட்டுநரைச் சுற்றியுள்ள தகடுகளை 0.25 மி.மீ. ஸ்டைரினில் வெட்டலாம். முதலில் காகிதத்தில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டுத் தகட்டுக்குப் போங்கள். நிஜக் காரில் இந்தத் தகடுகளைக் கால் சுற்று திருப்பினால் கழன்றுவிடும் ஆணிகள் பிடித்திருக்கும். 0.7 மி.மீ. கம்பியிலிருந்து மெல்லிய வில்லைகளாகச் சீவி ஒட்டினால் அவையும் வந்துவிடும்.

பெயிண்டுக்கு முன் சாம்பல் பிரைமர். அதில்தான் கீறலும் பள்ளமும் தெரியும். திருத்தி மீண்டும் பிரைமர். இந்தக் கார்களின் பெருமை கேண்டி நிறங்கள்: வெள்ளி அல்லது தங்க அடிப்பூச்சு, அதன் மேல் கண்ணாடி போன்ற சிவப்போ நீலமோ. ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் ஆழமாகும். அதனால் எல்லாத் தகடுகளையும் ஒரே நாளில், ஒரே எண்ணிக்கைப் பூச்சுகளாக அடித்து முடியுங்கள். ஒரு தகட்டை மறந்துவிட்டு மறுநாள் அடித்தால் அதன் நிறம் ஒருபோதும் சேராது. ஸ்ப்ரே அடிக்கும்போது மூச்சுக் கவசம் கட்டாயம். டிகால்களின் (ஒட்டும் எழுத்துப் படங்கள்) மேல் கிளியர் (நிறமில்லாத பூச்சு) அடிப்பதென்றால் முதல் இரண்டு பூச்சு பனி படிவது போல மெல்லியதாக இருக்கட்டும். ஒரேயடியாக ஈரமாக அடித்தால் டிகால் சுருங்கிவிடும்.

இறுதி இணைப்பு

பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே ஒருமுறை எல்லாவற்றையும் பசையில்லாமல் பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். இப்போது வரிசை இதுதான்: சேசிஸில் பின் ஆக்சில், பிறகு இன்ஜின், எக்ஸாஸ்ட், இருக்கை, தகடுகள். சீட் பெல்ட்டை மாஸ்கிங் டேப்பில் 3 மி.மீ. பட்டையாக வெட்டி, இருக்கையில் தளர்வாக விழவிடுங்கள். ஓட்டுநர் இப்போதுதான் இறங்கிப் போனது போலிருக்கும். பாராசூட் பையை மெல்லிய துணியில் தைத்து, ரோல் பாருக்குப் பின்னால் கட்டி, அதன் இழுகயிற்றை ஓட்டுநரின் கை எட்டும் இடம் வரை கொண்டுவாருங்கள்.

ஸ்டியரிங் பெட்டியிலிருந்து முன் ஆக்சில் வரை சேசிஸின் இடப்பக்கமாக ஓடும் நீளக் கம்பியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 0.75 மி.மீ. கம்பி, தொட்டாலே முறியும். அதை மாட்டியதும் முன் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு, பசை காயும் வரை மாடலைத் தொடாதீர்கள்.